பிளாஸ்டிக் பாட்டிலை விரட்டிய பறவைகள்

பகல் வெளிச்சத்தில் மாட்டிக்கொண்ட ஆந்தையைக் காக்கைகள் கூடி விரட்டுவதைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. முதலில் ஒரு காக்கை கரையும். அடுத்த சில நிமிடங்களில் வேப்பமரம் முழுக்கக் காக்கைகளாகிவிடும். கத்தல், பாய்ச்சல், தலையில் கொத்தல். அந்தக் கூட்டத்தில் எத்தனை காக்கைகளுக்கு அந்த ஆந்தையால் ஏதாவது கெடுதல் நேர்ந்திருக்கும்? பெரும்பாலானவை அதற்கு முன் ஒரு ஆந்தையையாவது அருகில் பார்த்திருக்குமா?

ஜெர்மனியின் போஹும் நகரில் பறவைகளின் நடத்தையை ஆராய்ந்துவந்த எபர்ஹார்ட் கூரியோவுக்கும் இதே போன்ற கேள்விதான் இருந்தது. 1978இல் அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சோதனை, விலங்கியல் மாணவர்கள் இன்றும் படிப்பது. நம் பூங்குருவிகளுக்கு உறவான ஐரோப்பியக் கரும்பறவைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கூண்டுகள். நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் தடுப்பு இருப்பதால் இரண்டு பறவைகளும் ஒன்றையே பார்க்கவில்லை. ஆனால் ஒன்றின் கூச்சல் மற்றதற்குக் கேட்கும். முதல் பறவைக்குத் தெரிந்தது பாடம் செய்யப்பட்ட ஆந்தை. இரண்டாவதற்குத் தெரிந்தது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு தேனுண்ணிப் பறவை. ஜெர்மனியில் பிறந்த கரும்பறவை அதைப் பார்த்துப் பயப்பட எந்த முகாந்திரமும் கிடையாது.

ஆந்தையைப் பார்த்த முதல் பறவை அலறியது. இரண்டாவது பறவை அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே தன் முன்னால் இருந்த தேனுண்ணியைப் பார்த்தது. தானும் கத்தத் தொடங்கியது. பிறகு தனியாக இருக்கும்போது தேனுண்ணியைக் காட்டினால்கூட அது பாய்ந்து விரட்டியது. அடுத்து அந்தப் பறவையையே ஆசிரியராக்கி மூன்றாவதுக்குக் காட்டினார்கள்; மூன்றாவதை வைத்து நான்காவதுக்கு. இப்படி ஆறு பறவைகள் வரை பகை கைமாறியது. ஆந்தை என்று ஒன்று இருந்ததே பின்னால் வந்த பறவைகளுக்குத் தெரியாது. இன்னொரு சோதனையில் தேனுண்ணிக்குப் பதிலாக வெறும் பிளாஸ்டிக் பாட்டிலை வைத்தார்கள். அந்த அளவுக்குத் தீவிரமாக இல்லையென்றாலும், பாட்டிலையும் கரும்பறவைகள் எதிரியாக ஏற்றுக்கொண்டன.

இந்த அத்தியாயம் பறவைகளைப் பற்றியது அல்ல. அலுவலகங்களில் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றியது. ஒருவரை நான்கு பேர் சேர்ந்து ‘கட்டம் கட்டுவது’. பேச்சை நிறுத்துவது, கோப்பை மறைப்பது, முதுகுக்குப் பின்னால் சிரிப்பது, ஓரங்கட்டி ஓரங்கட்டிக் கடைசியில் அவரே பேப்பர் போட்டுவிட்டுப் போகும்படி செய்வது. ‘அவர் கொஞ்சம் ஒரு மாதிரி’ என்று அந்த அலுவலகம் முழுக்க ஒரே குரலில் சொல்லும். புதிதாகச் சேர்ந்தவரும் பத்தாவது நாள் அதையே சொல்வார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் விழிப்பார். நான் சொல்லவருவது இதுதான்: கட்டம் கட்டப்படுவதற்கு ஒருவரிடம் எந்தத் தனிக் குணமும் இருக்க வேண்டியதில்லை. காரணத்தை அவரிடம் தேடுகிற விசாரணை எல்லாம் தேனுண்ணியின் மூக்கையும் இறகையும் ஆராய்வது போன்றது.

பறவையிலிருந்து மனிதனுக்கு இந்த எண்ணம் வந்த பாதை கொஞ்சம் சுற்றுவழி. ஆஸ்திரியரான கொன்ராட் லோரன்ஸ், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், 1963இல் மூர்க்கத்தைப் பற்றி எழுதிய நூலில் சிறு பறவைகள் கூடி வேட்டைப் பறவையைத் தாக்குவதை விவரித்திருந்தார். ஸ்வீடனில் பீட்டர்-பால் ஹைனமான் என்ற மருத்துவர் அதைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு குழந்தையைப் பல குழந்தைகள் சூழ்ந்துகொண்டு வதைப்பதைப் பற்றி 1972இல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பறவைகளின் அந்தக் கூட்டுத் தாக்குதலைக் குறிக்கும் ‘மாபிங்’ என்ற சொல்லையே ஸ்வீடிஷ் வடிவத்தில் தலைப்பாக வைத்தார். பள்ளியிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஹைன்ஸ் லேமான்.

லேமான் 1932இல் ஜெர்மனியில் பிறந்து ஸ்வீடனில் குடியேறிய உளவியலாளர். வங்கிக் கொள்ளையில் துப்பாக்கி முனையில் நின்ற ஊழியர்களின் மனநிலையை ஆராய்ந்தவர். ஸ்டாக்ஹோமின் சுரங்க ரயில்களில் தற்கொலை செய்துகொள்ள ஒருவர் தண்டவாளத்தில் குதித்துவிட்டால், வண்டியை நிறுத்த முடியாமல் ஏற்றிவிட்ட ஓட்டுநர்களின் பாதிப்பையும் ஆராய்ந்தார். 1980களில் அவரைத் தேடி வந்தவர்களில் வேறு ஒரு வகையினரும் இருந்தார்கள். இவர்கள் முன்னால் யாரும் துப்பாக்கியை நீட்டவில்லை. யாரும் செத்துப்போகவில்லை. ஆனால் ரயில் ஓட்டுநரிடம் தெரிந்த தூக்கமின்மை, திடுக்கிடல், ஒரே நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிப் பார்த்தல் எல்லாம் இவர்களிடமும் இருந்தன. என்ன நடந்தது என்று கேட்டால் பதில் சப்பென்று இருந்தது. ‘வணக்கம் சொன்னால் திரும்பச் சொல்வதில்லை.’ ‘நான் போய் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார்கள்.’

இந்தச் சப்பென்ற பதில்களை லேமான் மதித்துக் கேட்டார். அவருடைய பெரிய பங்களிப்பு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டதையெல்லாம் வகைப்படுத்தி 45 செயல்கள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார். பேசும்போது குறுக்கே வெட்டுவது, காற்றைப் போல, இல்லாத ஆளைப் போல நடத்துவது, மற்றவர்களை விட்டுத் தள்ளி ஒரு அறையில் போடுவது, வேலையே தராமல் இருப்பது அல்லது அர்த்தமே இல்லாத வேலையைத் தருவது, நடையையும் குரலையும் போலச் செய்து காட்டிச் சிரிப்பது, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி நச்சரிப்பது, இப்படிப் போகும் அந்தப் பட்டியல். கைகலப்பு மிக அரிது. இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்து மேலதிகாரிக்குப் புகார் எழுதிப் பாருங்கள். எழுதுகிறவருக்கே வெட்கமாக இருக்கும். ‘சார், அவங்க என்னைச் சாப்பிடக் கூப்பிடறதில்லை’ என்று நாற்பது வயது ஆள் எப்படி எழுதுவார்? இந்தத் தொல்லையின் தந்திரமே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு செயலும் புகார் எழுத முடியாத அளவுக்குச் சிறியது.

அதனால் லேமான் செயலை விட்டுவிட்டுக் காலத்தை அளந்தார். வாரத்துக்கு ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம் நடந்திருந்தால்தான் அவர் கணக்கில் அது கூட்டு வதை. ஒரு நாள் சண்டை, ஒரு மாத மனஸ்தாபம் எதுவும் சேராது. இவ்வளவு கடுமையான வரையறையை வைத்துக்கொண்டு ஸ்வீடனில் ஏறத்தாழ 2,400 ஊழியர்களிடம் ஆய்வு செய்தபோது 3.5 சதவீதம் பேர் அதற்குள் வந்தார்கள். நாட்டின் 44 லட்சம் உழைப்பாளர்களுக்கு அதை விரித்தால் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். சராசரியாக அது நீடித்த காலம் 15 மாதம்.

அவர் பதிவு செய்த ஒரு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈவ் என்று ஒரு மாற்றுப் பெயரில் அவர் குறிப்பிடும் பெண், ஒரு பெரிய சிறைச்சாலையின் சமையற்கூடத்துக்கு மேற்பார்வையாளராக வேலைக்கு எடுக்கப்பட்டார். பழைய முறையை மாற்ற வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும், உணவு உடலுக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பது சிறை நிர்வாகத்தின் முடிவு. அதற்காகத்தான் ஈவை எடுத்தார்கள். ஆனால் அந்த முடிவைச் சமையற்கூடத்தில் ஏற்கெனவே இருந்த பெண்களிடம் நிர்வாகம் சொல்லவே இல்லை.

அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறாள் என்பதுதான். காலங்காலமாக நன்றாகத்தானே சமைத்துக்கொண்டிருந்தோம்? இது இவளுடைய சொந்த அதிகாரம் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். சொன்னதைக் கேட்கவில்லை. வம்பு பேசினார்கள். ஈவின் ஒரே பிள்ளைக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. அதையும் அவருடைய குணத்துக்குச் சான்றாகப் பேசினார்கள். வாக்குவாதங்கள் நாளுக்கு நாள் உரத்தன.

ஈவ் நிர்வாகத்திடம் போனார். தன் பொறுப்புகள் இன்னவை, அதிகாரம் இவ்வளவு என்று எழுத்தில் ஒரு தாள் தரச் சொன்னார். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு தாள். அதைச் சமையற்கூடத்தில் காட்டியிருந்தால் ‘இது அவள் யோசனை இல்லை, மேலிடத்து உத்தரவு’ என்று தெரிந்துபோயிருக்கும். நிர்வாகம் தர மறுத்தது. அவர் திரும்பத் திரும்பக் கேட்டது கீழ்ப்படியாமையாகப் பார்க்கப்பட்டது. நிர்வாகம் அவர் பக்கம் நிற்கவில்லை என்பதைச் சமையற்கூடம் கவனித்துக்கொண்டது. நாம் நினைத்தது சரிதான் என்று உறுதி செய்துகொண்டது. சண்டைக் குரல்கள் தாழ்வாரம் வரை கேட்கத் தொடங்கியபோது, விளக்கம் கேட்டு அழைக்கப்பட்டவர் ஈவ்தான். நோய் விடுப்பில் போனார். அந்த விடுப்பு இரண்டு ஆண்டுகளைத் தாண்டியது. வேலை போயிற்று. அதன்பின் அவருக்கு வேறு வேலை கிடைக்கவே இல்லை.

இந்தக் கதையில் கெட்டவர் யார்? சமையல்காரப் பெண்கள் செய்தது கொடுமை, சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பார்த்த காட்சியில் அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. என் கையில் தீர்ப்பெழுதும் பேனா இருந்தால், சிறை நிர்வாகத்தின் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். அவர்கள் யாரையும் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. தங்கள் முடிவைத் தங்கள் முடிவு என்று சொல்லாமல் இருந்தார்கள். லேமான் ஆராய்ந்த கதைகளில் திரும்பத் திரும்ப வரும் வரிசை இது. முதலில் வேலை சம்பந்தமான ஒரு சாதாரணத் தகராறு. அதைத் தீர்க்க வேண்டியவர் தீர்ப்பதில்லை. தகராறு மறந்துபோய் ஆள் மட்டும் மிஞ்சுகிறார். பிறகு நிர்வாகம் தலையிடும். ஆனால் அதற்குள் பரவியிருக்கும் கதையைத்தான் அது உண்மை என்று எடுத்துக்கொள்ளும். கடைசியில் வெளியேற்றம்.

நிர்வாகம் தலையிடும் நேரத்தில் அந்த ஆள் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருடமாகச் சரியாகத் தூங்காதவர். எதிரில் இரண்டு பேர் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பவர். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். சின்ன விஷயத்துக்கும் கத்துகிறார். ஒரே புகாரைப் பத்து முறை எழுதுகிறார். ஹெச்.ஆர். அதிகாரி அவரை முதல் முறையாக நேரில் பார்க்கிறார். எதிரில் பதறிப்போன, சந்தேகப் பிராணியான, எரிந்து விழுகிற ஒரு மனிதர். ‘இவரோடு யாரால் வேலை செய்ய முடியும்?’ என்று அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. சூழ்நிலை உண்டாக்கிய நடத்தையை ஆளின் பிறவிக் குணமாகப் படிக்கும் இந்தப் பழக்கத்தை 1977இல் லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் மனித மனத்தின் அடிப்படைப் பிழை என்றே அழைத்தார். இந்தப் பிழைக்கு மருத்துவர்களும் தப்பவில்லை. தன்னிடம் வந்தவர்கள் பலருக்கு அதற்கு முன் ‘சந்தேக நோய்’ போன்ற முத்திரைகள் குத்தப்பட்டிருந்ததை லேமான் கசப்போடு குறிப்பிடுகிறார்.

இந்த இடத்தில் லேமான் சற்று அளவுக்கு மீறிப் போனார் என்பவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவரின் குணத்துக்கு இதில் பங்கே இல்லை என்பது அவர் வாதம். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் ஸ்டாலே ஐனர்சன் குழுவினர் பிறகு அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த அவர்கள் ஆய்வில், வதைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குணத்தில் மற்ற ஊழியர்களிலிருந்து வேறுபடவே இல்லை. மீதியுள்ளவர்களிடம் பதற்றம், கூச்சம் போன்ற சில வேறுபாடுகள் தெரிந்தன. அவை முன்பே இருந்தனவா, வதையால் வந்தனவா என்பதை அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆக, ‘கட்டம் கட்டப்படுகிற ஆள்’ என்று ஒரு தனிச் சாதி இல்லை. பெரும்பாலும் அது யார் வேண்டுமானாலும்.

சரி, அந்தக் கூட்டம்? வீட்டில் பிள்ளைக்குத் தலைவாரிவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு ஆபீசுக்கு வருகிறவர்கள்தானே அவர்களும்?

1966இல் மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த சோதனை இதற்கு ஒரு பாதி விடை தருகிறது. ஒரு பெண் ஏதோ பாடம் கற்கிறாள். தப்பாகச் சொன்னால் மின் அதிர்ச்சி. மாணவிகள் அதை உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதிர்ச்சி வெறும் நடிப்பு. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். ‘இவளுக்கு இன்னும் அதிர்ச்சி தொடரும், உங்களால் எதுவும் செய்ய முடியாது’ என்று சொல்லப்பட்டவர்கள் அவளைப் பற்றி மட்டமாகப் பேசினார்கள். அவளுக்கு அதிர்ச்சியை நிறுத்திப் பரிசு தரும்படி மாற்ற வாய்ப்புக் கிடைத்தவர்களிடம் அந்த இளக்காரம் குறைவாக இருந்தது. உலகம் நியாயமானது என்று நம்ப விரும்புகிற மனம், கண்ணெதிரே அநியாயம் நடந்து தன்னால் தடுக்க முடியாதபோது, ‘அவளுக்கு வேண்டியதுதான்’ என்று கணக்கை நேர்செய்துகொள்கிறது. அலுவலகத்தில் வதையை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருப்பவர் மூன்றாவது மாதம் ‘அந்த ஆளும் லேசுப்பட்டவர் இல்லை’ என்று சொல்லத் தொடங்குவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

மறுபாதி விடை இன்னும் பழைய சோதனையில் இருக்கிறது. சாலமன் ஆஷ் 1950களில் செய்தது. ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும் ஆஷின் ஆட்கள். வேண்டுமென்றே ஒரே தப்பான விடையைச் சொல்வார்கள். உண்மையான பங்கேற்பாளர்கள் மூன்றில் ஒரு தடவைக்கும் சற்று அதிகமாகக் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த சோதனை. கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்ல வைத்தார் ஆஷ். பிறழ்வு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த ஒருவரைக் கூட்டத்தைவிட இன்னும் மோசமான விடையைச் சொல்ல வைத்துப் பார்த்தார். அப்போதும் தவறுகள் 9 சதவீதமாகக் குறைந்தன! அந்த ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. எல்லோரும் ஒரே குரல் இல்லை என்று தெரிந்தால் போதும்.

இதை லேமானின் இன்னொரு கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். வதைக்கு ஆளானவர்கள் ‘ஆபீசே எனக்கு எதிரி’ என்பார்கள். எண்ணிப் பார்த்தபோது அப்படி இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை வதைத்தது ஒரே ஒரு ஆள். 40 சதவீதத்துக்குச் சற்று மேலானவர்களை வதைத்தது இரண்டிலிருந்து நான்கு பேர். மொத்தப் பிரிவும் சேர்ந்து ஒருவர் மேல் பாய்ந்தது மிக மிக அரிது. மற்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஆனால் நடுவில் நிற்பவருக்கு அந்த மௌனமும் தாக்குதலாகவே கேட்கிறது. கோடுகளை அளக்கும் அறையும் அலுவலகமும் ஒன்றல்ல. ஆஷின் அறையில் யாருக்கும் இன்கிரிமென்ட் நிற்காது. ஆனாலும் தலை நிமிர்கிற முதல் ஆள் விடுவிப்பது பாதிக்கப்பட்டவரை மட்டும் அல்ல, தரையைப் பார்க்கும் மற்றவர்களையும் என்று ஊகிக்க இடம் இருக்கிறது.

மௌனம் ஏன் அப்படி வலிக்கிறது? இதற்கு விடை தேடியவர் கிப்ளிங் வில்லியம்ஸ். பூங்காவில் நாயோடு உட்கார்ந்திருந்தவர் காலடியில் ஒரு பிளாஸ்டிக் வீச்சுத்தட்டு வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். விளையாடிக்கொண்டிருந்த இருவரும் திருப்பி அவருக்கே எறிந்தார்கள். நாலைந்து முறை மூவருமாக ஆடினார்கள். திடீரென்று அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர், அவர் கேட்காத விளையாட்டு. ஆனாலும் முகம் விழுந்துவிட்டது. வில்லியம்ஸ் அதை அப்படியே கணினி விளையாட்டாக்கினார். சைபர்பால் என்று பெயர். திரையில் மூன்று பொம்மைகள் பந்தை எறிந்துகொள்ளும். சில எறிதல்களுக்குப் பிறகு உங்களுக்குப் பந்து வராது. 2000இல் வெளிவந்த ஆய்வில் இணையம் வழியாக 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் பங்கேற்றார்கள். பந்து வராதவர்களின் மனம் சோர்ந்தது, தன்மதிப்புத் தாழ்ந்தது. எதிரில் ஆடுவது மனிதர்கள் அல்ல, கணினிதான் என்று சொல்லிவிட்டு ஆடினாலும் வலித்தது. எதிரில் ஆடுபவர்கள் கு கிளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கும்பலின் ஆதரவாளர்கள் என்று சொன்னபோதும் வலித்தது. நாம் வெறுக்கிறவர்கள் ஒதுக்கினாலும் நமக்குச் சுடுகிறது. ‘அவங்க பேசலைன்னா உனக்கென்ன, நீ பாட்டுக்கு வேலையைப் பாரு’ என்று வீட்டில் சொல்லும் ஆறுதல் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

2003இல் இதே விளையாட்டை மூளை வருடிக்குள் படுக்கவைத்து 13 பேரை ஆட வைத்தார்கள் நயோமி ஐசன்பெர்கர் குழுவினர். பந்து வராதபோது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று கிளர்ந்தது. ‘புறக்கணிப்பும் அடியும் மூளைக்கு ஒன்றே’ என்று உலகெங்கும் செய்தி பரவிவிட்டது. அது அவசரம். 2014இல் வந்த நுட்பமான ஆய்வு, ஒரே பகுதியில் தெரிந்தாலும் இரண்டு வலிகளின் நரம்புச் செயல் வடிவங்கள் வெவ்வேறு என்று காட்டியது. மனவேதனை உண்மை என்று நிரூபிக்க மூளைப் படம் வேண்டியதில்லை என்பது என் கட்சி.

உடம்புக்கு வரும் கேடு பற்றிய சான்று இதைவிட உறுதியானது. டென்மார்க், ஸ்வீடன் இரண்டிலும் இதய நோய் இல்லாத 79,201 ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. வேலையிடத்தில் வதைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 9 சதவீதம். மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட 59 சதவீதம் அதிகமாக இருந்தது. இது பின்தொடர்ந்து பார்த்த கணக்கு. வதைதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் சோதனை அல்ல. ஆனால் சர்க்கரை நோய், குடிப்பழக்கம் போன்றவற்றை எச்சரிக்கப் பயன்படுத்தும் எண்களோடு ஒப்பிட்டால் இது சின்ன எண் இல்லை.

இதுவரை பார்த்ததில் நிர்வாகம் வேடிக்கை பார்த்தது. நிர்வாகமே திட்டம் போட்டு வதைத்தால்? பிரான்ஸ் டெலிகாம் கதை அதுதான். அரசுத் துறையாக இருந்து தனியார்மயமான அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 1,20,000 ஊழியர்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்னும் அரசு ஊழியர் தகுதியில் இருந்ததால் எளிதில் நீக்க முடியாது. 2006இல் தலைமை ஒரு திட்டம் அறிவித்தது: மூன்று ஆண்டுகளில் 22,000 பேர் போக வேண்டும், 10,000 பேர் இடம் மாற வேண்டும். கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ போகவைப்பேன் என்ற பொருளில் அப்போதைய தலைவர் திதியே லொம்பார் மேலாளர்களிடம் பேசியது பின்னாளில் நீதிமன்றத்தில் எதிரொலித்தது. ஓயாத இடமாற்றங்கள், பழக்கமில்லாத வேலைகள், போகச் சொல்லி நெருக்கடி. நீதிமன்றம் 39 பேரின் நிலையை ஆராய்ந்தது. அவர்களில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 12 பேர் முயன்றவர்கள். 2019 டிசம்பரில் லொம்பாரும் வேறு சிலரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் 2022இல் தண்டனை குறைந்தாலும் குற்றம் உறுதியானது. 2025 ஜனவரியில் பிரான்சின் உச்ச முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. லொம்பார் பாதிக்கப்பட்டவர்களில் பலரை நேரில் கண்டுகூட இருக்க மாட்டார். ஆள் ஆளை வதைப்பது மட்டுமல்ல, ஒரு நிறுவனக் கொள்கையும் வதையாகலாம் என்பதே அந்த வழக்கு நிறுவியது. ஈவுக்கு ஒரு தாளை மறுத்த சிறை நிர்வாகத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிரான்சில் இப்படி வழக்குப் போட முடிந்ததற்குக் காரணம் 2002இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு மரி-பிரான்ஸ் இரிகொயென் என்ற மனநல மருத்துவர் எழுதிய நூல் பெரும் விற்பனையாகி நாட்டையே இதைப் பற்றிப் பேசவைத்திருந்தது. லேமானின் ஸ்வீடன் 1993இலேயே விதிமுறை வகுத்துவிட்டது. இத்தகைய வதையைத் தடுப்பதை ஜப்பான் பெரிய நிறுவனங்களுக்கு 2020இலிருந்து கடமையாக்கியது.

நம் பக்கம் நிலைமை வேறு. பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். கல்லூரி ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதே மாணவர் படித்து முடித்து வேலைக்குப் போய், அங்கே நான்கு பேர் சேர்ந்து ஒரு வருடம் அவரை ஓரங்கட்டினால், அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. எனவே இப்போதைக்குக் கையில் இருப்பது காகிதமும் பேனாவும்தான். இந்த நிலையில் இருப்பவர் நடந்ததைத் தேதி, நேரம், உடனிருந்தவர்கள் பெயரோடு அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். தனித்தனியாக ஒன்றுமில்லாத செயல்கள் வரிசையாக வரும்போதுதான் வதையாகத் தெரியும். பக்கத்து மேசையில் இருப்பவர் பெரிய வீரம் எதுவும் காட்ட வேண்டாம். சாப்பிடப் போகும்போது அவரையும் கூப்பிட்டால் போதும், எல்லோரும் பார்க்கும்படி.

வேலையிடத்து வன்முறை, தொல்லை இரண்டையும், பாலியல் தொல்லையோடு நிறுத்தாமல், முழுமையாக வரையறுக்கும் முதல் உலக உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் நிறைவேற்றியது. எண் 190. அது 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.